பெயர் பெற்ற கப்பலும் பெயர் போன கப்பலும்

குருநகர்த் தொடர்மாடியில் எங்கள் வீட்டு முன்னறை மேசையில் இரண்டு மரக்கப்பல்கள் நிற்கின்றன. இரண்டும் 64இல் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரிகள். பெரியது பிரித்தானியக் கடற்படையின் 'திருகோணமலை'. சிறியது வல்வெட்டித்துறையின் 'அன்னபூரணி'. திருகோணமலைக்கு மூன்று பாய்மரம். அவற்றை நட்டுக் கயிறு கட்டி முடிக்க எனக்கு 9 மாதம் எடுத்தது. அன்னபூரணிக்கு இரண்டே பாய்மரம்தான், ஆனால் 3 வருடம் போய்விட்டது. அளவிலும் வேலையிலும் சிறிய கப்பல் ஏன் இத்தனை காலத்தை விழுங்கியது என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்த ஒப்பீடு.

மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கப்பலின் உடலைச் செய்வதில் கண்ணை ஏமாற்றலாம். பலகை கொஞ்சம் தடித்தாலும், வளைவு ஒரு நூல் பிசகினாலும் வர்ணம் பூசினால் மறைந்துவிடும். பாய்மரத்தையும் கயிற்றையும் அப்படி மறைக்க முடியாது. ஒவ்வொரு கயிறும் எங்கிருந்து புறப்படுகிறது, எந்தக் கப்பியால் திரும்புகிறது, எங்கே கட்டப்படுகிறது என்பது திறந்தவெளியில் நிற்கிறது. ஒரு கயிற்றை இடம் மாற்றிக் கட்டினால் அந்தப் பாய் ஏறாது, அல்லது ஏறிய பாய் இறங்காது. ஆகவே பாய்மரம் நடுகிற நாளில்தான் ஒரு கப்பலைப் பற்றி நமக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது வெளிக்கிறது.

திருகோணமலையைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அது பம்பாய்க் கப்பற் தளத்தில் பார்சி இனத்து வாடியா குடும்பத்தின் ஜம்செட்ஜி பொமன்ஜி தேக்கு மரத்தில் கட்டி, 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி நீரில் இறக்கிய போர்க்கப்பல். பீரங்கித் தளம் 150 அடி, அகலம் ஏறக்குறைய 40 அடி. நமது திருகோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்தார்கள். அந்தத் துறைமுகத்தின் பெயர்தான் கப்பலுக்கு. நம் தச்சர் ஒருவரின் உளியும் அதில் படவில்லை. ஆனாலும் ஊரின் பெயர் பட்ட ஒரே காரணத்துக்காக நான் அதைத் தெரிவுசெய்தேன். பிறகுதான் அதன் வரைபடங்களின் கதை தெரிய வந்தது. லண்டனில் வரைந்து பம்பாய்க்கு அனுப்பிய முதல் வரைபடங்கள் 'ஜாவா' என்ற கப்பலில் போயின. அந்தக் கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் 'கொன்ஸ்டிடியூசன்' அடித்து நொறுக்கியது. வரைபடமும் கப்பலோடு போயிற்று. என்ன நடந்தது? லண்டனில் இன்னொரு படி எடுத்து அனுப்பினார்கள். சில வருடத் தாமதம், அவ்வளவுதான்.

அன்னபூரணியோ 1930இல் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வேப்பமரத்தில் கட்டிய கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. இரண்டு பாய்மரம், பருமல் என்ற குறுக்குமரங்களில் விரியும் சதுரப் பாய்கள். 32 அடிப் படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் இதன் அழகில் மயங்கி விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயரை மாற்றினார். 1937இன் தொடக்கத்தில் இலங்கையை விட்ட கப்பல் சூயஸ் கால்வாயையும் ஜிப்ரால்டரையும் கடந்து, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மாசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இருந்தார்கள். கப்பல் கட்டிய ஓடாவிமார் அதை வரைபடம் வைத்துக் கட்டவில்லை. அளவு அவர்களின் கண்ணிலும் முழக்கோலிலும் இருந்தது. லண்டனில் இருந்து இன்னொரு படி வராது.

இனி மேசைக்கு வருகிறேன்.

திருகோணமலையின் நடுப் பாய்மரத்தை எவ்வளவு நீளத்தில் வெட்டுவது? ஆங்கிலேயரிடம் இதற்கு மிக எளிய பழைய விதி ஒன்று உண்டு. தளத்தின் நீளத்தையும் கப்பலின் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கு. 150ஐயும் 40ஐயும் கூட்டினால் 190, பாதி 95 அடி. அது அடிமரம் மட்டுமே. அதன் தலையில் இணைக்கும் இரண்டாம் மரம் அடிமரத்தின் ஐந்தில் மூன்று பங்கு, 57 அடி. அதற்கும் மேலே மூன்றாம் மரம் இரண்டாவதில் பாதி. தடிப்பு, ஒரு யார் நீளத்துக்கு ஒரு அங்குல விட்டம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. 64ஆல் பிரித்தால் அடிமரம் மேசையில் 17.8 அங்குலம். நடுப்பகுதியில் சுண்டுவிரல் தடிப்பு.

இத்தோடு நின்றிருந்தால் வியப்பில்லை. டேவிட் ஸ்டீல் என்பவர் 1794இல் லண்டனில் வெளியிட்ட கயிற்றுவேலை நூல், பருமல் எப்படிக் கூம்ப வேண்டும் என்பதைக்கூடப் பின்னத்தில் சொல்கிறது. நடுவில் இருந்து நுனி வரை நான்கு சம பங்காகப் பிரிக்க வேண்டும். முதற் பங்கின் முடிவில் விட்டம் நடு விட்டத்தின் 30/31. அடுத்ததில் 7/8, அதற்கடுத்ததில் 7/10, நுனியில் 3/7. முதலில் ஏறக்குறையக் குறையாமல் வந்து, பிறகு சரசரவென்று மெலியும் அந்த வளைவை ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோது அது எண்ணாகவே தெரியவில்லை. விளைந்த பனையின் கழுத்துப் போல ஒரு உயிருள்ள கோடு. யாரோ ஒரு பெயர் தெரியாத தச்சனின் கையை ஸ்டீல் பின்னமாக எழுதிவைத்திருக்கிறார்.

செதுக்குகிற விதமும் அதே போல்தான். பெட்டிப் பலகையில் கிடைத்த பைன் துண்டில் முதலில் நாலு பட்டைச் சலாகை. ஒவ்வொரு பக்கத்தையும் 24 பங்காக்கி 7, 10, 7 என்று இரண்டு கோடு இழுத்து மூலைகளைச் சீவினால் சம எட்டுப்பட்டை வரும். எட்டைப் பதினாறாக்கி, பிறகுதான் மண்தாள் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு நாலு பட்டையில் இருந்து நேரே உருட்டப் போனால் மரம் ஒரு பக்கம் சப்பையாகி, வெளிச்சத்தில் உருட்டும்போது துள்ளும். என் முதல் மூன்று மரமும் துள்ளின.

அன்னபூரணியின் பாய்மரத்துக்கு எந்தப் பின்னமும் கிடையாது. தமிழிலே கப்பல் நூல் இல்லாமல் இல்லை. 'கப்பல் சாத்திரம்' என்ற சுவடியைச் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்தார் 1950இல் அச்சிட்டார்கள். அதில் மரமும் அளவும் நாளும் கோளும் கலந்து கிடக்கின்றன. எந்த அளவு நன்மை தரும், எது கேடு தரும் என்பதில் அதற்குள்ள அக்கறை, கயிறு எந்த வழியால் ஓடும் என்பதில் இல்லை. ஆகவே எனக்கு எஞ்சியவை புகைப்படங்கள். ஒரு படத்தில் உடலின் நீளம் 89 அடி என்று வைத்துக்கொண்டு, அந்தப் பங்கில் மரத்தின் உயரத்தைக் கவராயத்தால் அளந்தேன். கப்பல் சாய்ந்து நிற்கும் படத்தில் ஒரு அளவு, நேராக நிற்கும் படத்தில் இன்னொரு அளவு. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடித்து வெட்டி, கப்பலின் மேல் நட்டு, பத்து அடி தள்ளி நின்று பார்த்து, திரும்பவும் கழற்றி வெட்டி... இப்படி முன் பாய்மரத்தை மட்டும் ஐந்து தடவை செய்தேன். திருகோணமலையில் நான் கணக்குப் போட்டேன். அன்னபூரணியில் என் கண்ணைப் பழக்கினேன். ஓடாவிமாரும் இப்படித்தான் பழகியிருப்பார்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு அருகில் நின்று திருத்த ஒரு தகப்பன் இருந்தான். எனக்கு ஒரு மங்கிய படம் இருந்தது.

மரத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு. ஐரோப்பியர் வடநாட்டுப் பைனையும் அதன் இனத்து மரங்களையும் நம்பினார்கள். பம்பாய்க்கு வந்தபின் மலபார் மலைக்காட்டுப் புன்னை அவர்களுக்குப் பாய்மரத்துக்கு உகந்ததாகத் தெரிந்தது. நேரே ஓங்கி வளர்கிற மரம் அது. என் மேசையில் அன்னபூரணியின் பருமல்களைக் கமுகஞ் சலாகையில் செய்தேன். நார் நேராக ஓடும், மெல்லிதாகக் கீறலாம், வளைத்தால் முறியாமல் திரும்பி வரும். உடலுக்கு வேம்பு எடுத்தேன். சீவுளி ஒரு முழத்துக்கு இணங்கிப் போகும், அடுத்த முழத்தில் நார் எதிர்த்துக்கொண்டு பிய்யும். 89 அடிக் கப்பலை அந்த மரத்திலே இழைத்தவர்களின் தோள்களை நினைத்தபடிதான் ஒவ்வொரு பலகையையும் முடித்தேன்.

கயிற்றில்தான் இந்த ஒப்பீட்டின் உயிர் இருக்கிறது.

இரண்டு வகைக் கயிறு உண்டு, எந்தப் பாய்க்கப்பலிலும். ஒன்று மரத்தை அசையாமல் பிடித்து நிற்கும் நிலைக்கயிறு. மற்றது பாயையும் பருமலையும் ஏற்றி இறக்கித் திருப்பும் ஓடுகயிறு. ஐரோப்பியர் நிலைக்கயிற்றுக்குத் தார் ஊற்றிக் கறுப்பாக்குவார்கள், ஓடுகயிற்றை அதன் நிறத்தில் விடுவார்கள். திருகோணமலையில் கறுப்பு நூலும் மங்கல் மஞ்சள் நூலும் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. பக்கக் கயிறுகளை மரத்தின் தலையில் மாட்டும் ஒழுங்குக்கும் விதி இருக்கிறது. இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, முதற் சோடி வலப்பக்கம் முன்னால், அடுத்தது இடப்பக்கம், பிறகு மாறி மாறி. கீழ் நுனியில் மூன்று துளையிட்ட வட்டக் கட்டை. அதற்கு நேர்கீழே கப்பலின் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே கொழுவியோடும் சிறுகயிற்றை இழுத்தால் பெருங்கயிறு விறைக்கும்.

இதிலே நான் செய்த ஒரு பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். நூலில் எட்டு அங்குலக் கயிறு என்று இருந்ததை விட்டம் என்று எடுத்து, 64ஆல் பிரித்து, மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் கறுப்புக் கயிறு திரித்துக் கட்டினேன். கட்டி முடித்தபோது கப்பல் சங்கிலியால் கட்டிய கைதி போல் நின்றது. பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலக் கடற்படை கயிற்றைச் சுற்றளவால் அளக்கும். எட்டு அங்குலச் சுற்றளவுக்கு விட்டம் இரண்டரை அங்குலம், மாதிரியில் ஒரு மில்லிமீற்றர். ஆறு வாரக் கட்டை ஒரு மாலையில் வெட்டி எறிந்தேன். ஆனால் பாருங்கள், அந்தப் பிழையைத் திருத்த எனக்கு ஒரு பக்கம் இருந்தது. புரட்டினேன், விடை கிடைத்தது.

ஏணிபோல் பக்கக் கயிறுகளின் குறுக்கே கட்டும் படிக்கயிறுகள் நூற்றுக்கணக்கில் வரும். ஐரோப்பிய நூல்களில் இதைப் பொறுமையைச் சோதிக்கும் வேலை என்று எழுதியிருக்கும். குருநகரில் பிறந்தவனுக்கு அது சோதனை அல்ல. படிக்கயிற்றைக் கட்டும் முடிச்சு, வலையை மேற்கயிற்றில் கட்டும்போது எங்கள் கை போடும் அதே இரட்டைச் சுற்று. வலைக்கண்ணின் முடிச்சையும் வெள்ளைக்காரக் கடலோடி இரண்டு கயிறுகளை ஒட்டுவதற்குப் போட்டான். யாகப்பர் கோவில் வீதியில் வேலி ஓரம் வலை பொத்திக்கொண்டு இருக்கும் ஒரு கிழவி திருகோணமலையின் முழுப் படிக்கயிற்றையும் நூல் பார்க்காமலே கட்டி முடித்திருப்பா. பெயர் வேறு, கடல் வேறு, முடிச்சு ஒன்று. அந்த மாதம்தான் என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த மாதம்.

அன்னபூரணிக்கு வந்தால், படங்களில் நிலைக்கயிறு ஓரளவு தெரிகிறது. ஓடுகயிறு தெரியவே இல்லை. தெரிகிற ஒன்றிரண்டும் பெயர் மாற்றிய பின் எடுத்த படத்தில் தெரிகிறவை. வல்வெட்டித்துறையில் ஏற்றிய கயிறும் வாங்கியவர் கையில் வந்த கயிறும் ஒரே படத்தில் கலந்து நிற்கின்றன. நம்முடைய தோணிகள் தும்புக் கயிற்றில் ஓடியவை. தும்பு நனைந்தாலும் இற்றுப்போகாது, ஆனால் இழுபடும். சணற்கயிற்றுக்கு எழுதிய இறுக்கக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆகவே ஸ்டீலின் நூலை இரவல் வாங்கி அன்னபூரணிக்குக் கட்டினால் அது அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். சிலர் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கையில் வேறு ஒன்றும் இல்லாதபோது மனிதன் கிடைத்ததைத்தான் எடுப்பான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சொற்கள் மட்டும் கையில் இருந்தன. பருமல், பாயைத் தாங்கும் குறுக்குமரம். ஆஞ்சான், அதை மேலே ஏற்றும் கயிறு. தாமான், பாயின் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கும் கயிறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் அகராதியில் இவை கப்பல் வழக்கு என்ற குறியோடு இருக்கின்றன. சொல் இருக்கிறது, அந்தச் சொல் எத்தனை கப்பியால் ஓடியது என்பது இல்லை. ஐரோப்பியக் கப்பலுக்கு எண் தப்பிப் பிழைத்தது, நமக்குப் பெயர் தப்பிப் பிழைத்தது. இரண்டாண்டு கழிந்தும் அன்னபூரணி வெறும் மரத்தோடு நின்றது இதனால்தான்.

அப்போதுதான் அப்பு வந்தார். எங்கள் தொடர்மாடியில் கீழ்த்தட்டில் இருக்கிறவர். இளமையில் குடாக்கடலில் பாய்வள்ளம் ஓடியவர். சிறுவனாக ஊர்காவற்துறையில் வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றதைப் பார்த்தவர். வந்தவர் முதலில் திருகோணமலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறாய் தம்பி. ஆனா இது ஓடேல்லை, நிக்குது."

"ஏன் அப்பு?"

"பருமல் எல்லாம் நேர்குறுக்கை கிடக்கு. காத்து எந்தப் பக்கத்தால வருது?"

எனக்குப் பதில் இல்லை. கண்காட்சிக்கு வைக்கும் மாதிரிகளில் பருமலைக் கப்பலுக்குச் செங்கோணமாக வைப்பது வழக்கம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் ஒழுங்கு அது. நூலில் உள்ள படமும் அப்படித்தான். நான் எண்ணூறு கயிற்று முனைகளைச் சரியாகக் கட்டியிருந்தேன். காற்றைப் பற்றி ஒரு கணமும் நினைத்திருக்கவில்லை.

அவர் அன்னபூரணியின் பக்கம் திரும்பினார். நான் ஊகத்தில் கட்டி வைத்திருந்த ஒரு தாமானை விரலால் தொட்டார். "இது பிழை. இதை இழுத்தா மரத்தில தேயும். ஆள் எங்க நிண்டு இழுப்பான், சொல்லு?" தீக்குச்சி ஒன்றை முறித்து, மனிதனின் உயரத்துக்கு, ஏறத்தாழ ஒரு அங்குலத்துக்கு, தளத்தில் நிறுத்தினார். அந்த ஆள் நிற்கும் இடத்தில் இருந்து கயிறு போகக்கூடிய வழி ஒன்றுதான் இருந்தது. கயிற்றை அவிழ்த்து, வலை பின்னும் ஊசியால் அந்த வழியில் அவரே கோர்த்தார்.

அன்று தொடங்கி ஓர் ஆண்டு, பின்னேரங்களில் அப்படித்தான் வேலை நடந்தது. படத்தில் தெரிகிற மரமும் பருமலும் எல்லை. அதற்குள் ஒவ்வொரு கயிற்றுக்கும் மூன்று கேள்வி. எந்தக் காற்றில் இது பாரம் தூக்கும்? யார் எங்கே நின்று இழுப்பான்? அவிழ்க்க வேண்டி வந்தால் இருட்டில் கை எட்டுமா? அப்பு வல்வெட்டித்துறைக் கப்பலில் ஓடியவர் அல்ல. சதுரப் பாய்க் கப்பலை அவர் செலுத்தியதும் இல்லை. ஆனாலும் பாரம் ஏறிய கயிறு எப்படி நடக்கும் என்பது அவர் உள்ளங்கையில் இருந்தது. நான் ஒவ்வொரு கயிற்றின் நீளத்தையும், அது போன வழியையும், அவர் சொன்ன பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் படம் கீறிக்கொண்டேன். அவர் சொன்னது வேறு, படத்தில் தெரிந்தது வேறு என்று வந்த இடங்களைச் சிவப்பில் குறித்தேன். நம் கடற்கரைகளில் அப்படி எழுதப்படாமல் போன கொப்பிகள் எத்தனை என்று நினைக்க எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பெயரின் கதையிலும் இரண்டு கப்பலும் எதிரும் புதிருமாகப் போயின. திருகோணமலையும் பெயரை இழந்த கப்பல்தான். 1897இல் கடற்படை விற்று, உடைக்கக் கொண்டுபோன இடத்தில் வீட்லி கொப் என்பவர் வாங்கி, 'ஃபுட்ரோயன்' என்று பெயரிட்டுப் பயிற்சிக் கப்பலாக வைத்திருந்தார். 1987இல் பழுதுபார்ப்பதற்காக இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். 1992இல் பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தார்கள். 2001இல் வேலை முடிந்தது. இன்றும் அங்கே மிதக்கிறது. பாய்மரங்களைத் திரும்ப நட்டவர்களுக்கு எழுத்திலும் வரைபடத்திலும் ஆதாரம் இருந்தது. புளோரன்ஸ் சி. ரொபின்சனுக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்க ஒரு துறைமுகமும் இல்லை. அதனால் என் மேசையில் அதன் பின்பக்கப் பலகையில் தமிழில் அன்னபூரணி என்று எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து ஒன்றரை மில்லிமீற்றர் உயரம். எழுத மூன்று மயிர் விட்ட தூரிகை வேண்டியிருந்தது.

கடைசி வேலை பருமல் திருப்புவது. அப்பு கேட்டார்.

"இதுக்கு எந்தக் காத்து தம்பி?"

கொழும்பை விட்டு ஏடன் பக்கம் போகிற அன்னபூரணி என்றேன். ஆண்டின் தொடக்கம். "அப்ப வாடை" என்றார். மேற்கே முகம் வைத்த கப்பலுக்கு வாடை வலப்பக்கத்தின் பின்னால் இருந்து வரும். அவர் முன்மரத்தின் கீழ்ப் பருமலின் வலநுனியை மெல்ல முன்னுக்குத் தள்ளினார், இடநுனி பின்னுக்கு வந்தது. மேலே உள்ள பருமல்களை அதற்கு இசையத் திருப்பி நான் கயிற்றை இறுக்கினேன். சாளரத்தால் மண்டைதீவுப் பக்கத்துக் கடல் தெரிந்தது. கப்பலைத் தூக்கி, அதன் முகம் மேற்கே வரும்படி மேசையில் திருப்பி வைத்தோம்.